ரெஸ்யூமில் மதிப்பெண் போடலாமா? நெல்லை வட்டாரப் புதிய பட்டதாரிகளுக்கான கேள்வி பதில்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் இறுதியாண்டு படிப்பவர்களும், அண்மையில் பட்டம் பெற்று வேலை தேடுபவர்களும் மதிப்பெண் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொறியியல், வணிகவியல், கலை அறிவியல் ஆகிய மூன்று பிரிவினரையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ரெஸ்யூமில் மதிப்பெண்ணைக் கட்டாயம் குறிப்பிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் ரெஸ்யூம் வேறு, விண்ணப்பப் படிவம் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ரெஸ்யூம் என்பது உங்களைப் பற்றி நீங்களே தேர்ந்து எழுதும் ஒரு பக்கம். அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். நிறுவனத்தின் இணையதளத்திலோ, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு அனுப்பும் கூகுள் படிவத்திலோ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், அங்கே அந்த விருப்பத்துக்கு இடம் கிடையாது. சான்றிதழில் உள்ளதை உள்ளபடியே நிரப்ப வேண்டும். ரெஸ்யூமில் விட்டுவிட்டதை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் மாற்றி எழுதியது, வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பில் தெரியவந்தாலும், வேலையே போய்விடும்.

எவ்வளவு இருந்தால் போடலாம்?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, நடைமுறை உண்டு. கல்லூரிகளுக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆளெடுக்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் பல, நீண்ட காலமாகவே 60 விழுக்காடு அல்லது 10-க்கு 6 சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டர்களையும் சேர்த்த தரப்புள்ளிச் சராசரி) என்பதை நுழைவு எல்லையாக வைத்திருக்கின்றன. சிலவற்றில் அந்த எல்லை பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் பத்தாம் வகுப்பிலிருந்தே பொருந்தும். எனவே ஒரு ஃப்ரெஷரின் ரெஸ்யூமைக் கையில் எடுக்கும் எச்.ஆர்., எண்ணைக் காணவில்லை என்றால் அது 60-க்குக் கீழே என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்வார். நியாயமோ இல்லையோ, அப்படித்தான் படிக்கப்படுகிறது.

இதிலிருந்து நான் சொல்லும் முடிவு, பலர் சொல்வதிலிருந்து சற்று வேறுபடும். 7.5-க்கு மேல் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள். 6.5 முதல் 7.5 வரை இருப்பவர்கள், "இது ஒன்றும் பெரிய மார்க் இல்லையே" என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அவர்களும் போடுவதே நல்லது, ஏனென்றால் உண்மையில் 68 விழுக்காடு வைத்திருப்பவரை எண் இல்லாத ரெஸ்யூம் 55 விழுக்காட்டுக்காரராகக் காட்டிவிடுகிறது. 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் வேலை விளம்பரத்தைப் பாருங்கள். 60 என்று எல்லை கொடுத்திருந்தால் போடுங்கள், கொடுக்கவில்லை என்றால் அந்த இடத்தைச் செய்த வேலைகளுக்கு விடுங்கள். 6-க்குக் கீழே என்றால், கேட்டால் ஒழிய ரெஸ்யூமில் வேண்டாம்.

கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் எண்ணுக்குப் பதிலாக "முதல் வகுப்பு" என்று எழுதுவதும் முறையானதே. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்து, எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்து, 8.50-க்குக் குறையாமல் பெற்றவர்களுக்குச் சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு என்ற நிலை உண்டு. அதைப் பெற்றிருந்தால் அந்தச் சொல்லையும் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் அரியர் இல்லை என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ரேங்க் வாங்கியவர்கள் ரேங்க்கையே முதலில் எழுத வேண்டும். அதற்குப் பின் விழுக்காடு இரண்டாம்பட்சம்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இங்கிருந்து போகும் ரெஸ்யூம்களில் கணிசமானவை இணையதளம் வழியாகப் போவதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மாமா மகன், பக்கத்து வீட்டு அண்ணன், கல்லூரி சீனியர் ஆகியோரின் வாட்ஸ்அப்புக்குத்தான் போகின்றன. அவர் அதைத் தம் மேலாளரிடம் காட்டும்போது வரும் முதல் கேள்வி "எவ்வளவு பெர்சன்ட்?" என்பதாக இருக்கும். அவர் பதில் தெரியாமல் விழிக்கும்படி விடாதீர்கள். ரெஸ்யூமில் போடாவிட்டாலும், பரிந்துரைப்பவரிடம் உண்மை மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் எழுத வேண்டுமா?

பட்டம் பெற்ற முதல் ஆண்டில் எழுதலாம்; இந்திய நிறுவனங்கள் அதை எதிர்பார்க்கவே செய்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 468 என்றால் 78 விழுக்காடு என்றும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் மேல்நிலைத் தேர்வு 2018 வரை 1200 மதிப்பெண்ணுக்கு நடந்து, 2019-இலிருந்து 600-க்கு மாறியது. வெளிமாநிலத்தில் இருந்து ரெஸ்யூமைப் பார்ப்பவருக்கு மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் நிலை தனியானது. கொரோனாக் காலத்தில் பொதுத்தேர்வு நடைபெறாததால் அவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டு, சான்றிதழில் பாடவாரி மதிப்பெண் இல்லாமல் "தேர்ச்சி" என்று மட்டுமே அச்சிடப்பட்டது. அந்த ஆண்டினர் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் 2026-இலும், பொறியியல் என்றால் 2027-இலும் கல்லூரியை முடிக்கிறார்கள். அவர்கள் ரெஸ்யூமில் "எஸ்.எஸ்.எல்.சி., 2021, தேர்ச்சி, தமிழ்நாடு மாநில வாரியம் அவ்வாண்டு மதிப்பெண் வழங்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம். சிக்கல் படிவத்தில் வருகிறது, ஏனென்றால் கட்டம் எண்ணைத்தான் ஏற்கும். அங்கே 100 என்றோ 60 என்றோ தோன்றியதைப் போட்டுவிட்டு வராதீர்கள். வேலைவாய்ப்புப் பிரிவு வழியாகவோ நேரடியாகவோ நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எதைப் போடச் சொல்கிறார்களோ அந்தப் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பின்போது அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குச் சாட்சி.

சி.ஜி.பி.ஏ.வை விழுக்காடாக மாற்றி எழுதலாமா?

சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு: 10-க்கு 7.42 என்றால் "7.42/10". பத்துக்கா நான்குக்கா என்பதை எழுதாமல் வெறும் 7.42 என்று விடக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைப் பயன்படுத்துங்கள், நண்பரின் பல்கலைக்கழக விதியை அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் பத்தால் பெருக்கினால் போதும். வேறு சில பல்கலைக்கழகங்களில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குகிறார்கள், சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த காலத்தில் 9.5-ஆல் பெருக்கினார்கள். ஒரே 7.42, முதல் கணக்கில் 74.2 ஆகும், இரண்டாவதில் 66.7 ஆகும். தன்னாட்சிக் கல்லூரிகளில் படித்தவர்கள், தங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையோ பார்த்து விதியை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

59.6 இருக்கிறது. 60 என்று எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. வங்கித் தேர்வு அறிவிப்புகளில் 59.99 விழுக்காடும் 60-க்குக் குறைவாகவே கொள்ளப்படும் என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருப்பார்கள். தனியார் நிறுவனங்கள் அப்படி அச்சிடுவதில்லை என்றாலும், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். இரண்டு தசம இடங்கள் வரை எழுதுங்கள்.

அரியர் இருந்ததை ரெஸ்யூமில் சொல்ல வேண்டுமா?

முடித்துவிட்ட அரியரை ரெஸ்யூமில் சொல்லத் தேவையில்லை. முடிக்காத அரியர் இருந்தால், பட்டத்துக்கு எதிரே ஆண்டை எழுதும்போது கவனம் வேண்டும். பட்டம் கிடைத்துவிட்டதைப் போன்ற தோற்றம் வரக் கூடாது. "பி.இ. இயந்திரவியல், 2022–2026, ஒரு தாள் நிலுவையில் உள்ளது" என்று எழுதுபவர்கள் அரிது. அப்படி எழுதியதைப் பார்க்கும்போது ஆள் மேல் நம்பிக்கை வருகிறது என்பது என் கருத்து, ஆனால் அது எல்லா நிறுவனங்களிலும் எடுபடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். படிவத்தில் இப்போது நிலுவையில் உள்ள அரியர் எத்தனை, இதுவரை இருந்த அரியர் எத்தனை என்று இரண்டு கேள்விகள் தனித்தனியாக வரும். இரண்டாவதற்குச் சுழியம் போட்டுவிட்டு, நான்காம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் கணிதத் தாளுக்கு நேரே மறுதேர்வுக் குறியீட்டுடன் போய் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் குறைவு. அதை விட்டுவிட்டால் பக்கத்தில் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. மதிப்பெண்ணைப் போடுவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசிப்பவரின் ரெஸ்யூமை வாங்கிப் பார்த்தால், சிக்கல் அந்த எண்ணில் இருக்காது. அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் பக்கத்தில் இல்லாததில் இருக்கும். பிரவுசிங் சென்டரில் இருபது ரூபாயோ ஐம்பது ரூபாயோ கொடுத்து அடிக்கும் ரெஸ்யூம்கள் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன: மேலே குறிக்கோள் என்று ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம், நடுவில் மதிப்பெண் அட்டவணை, கீழே தந்தை பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்காகப் பாட்டுக் கேட்டல், கடைசியில் மேற்கண்டவை உண்மை என்ற உறுதிமொழி. இதில் ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துவது அட்டவணை மட்டுமே என்பதால், பார்ப்பவர் அட்டவணையைத்தான் பார்ப்பார்.

தந்தை பெயரையும் மதத்தையும் பொழுதுபோக்கையும் எடுத்துவிட்டால் கால் பக்கம் கிடைக்கும். அந்த இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள். வீட்டுக்காகச் செய்த வேலையையும், பகுதிநேரமாகச் செய்ததையும் நம் மாணவர்கள் வேலை என்றே எண்ணுவதில்லை. அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் மாலை நேரங்களில் கணக்குப் பார்த்த பி.காம். மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் வரி "டேலி தெரியும்" என்பதாகவே இருக்கும். அதை இப்படி எழுதலாம்: "அரிசி ஆலையில் பகுதிநேரக் கணக்கு உதவியாளர், இரண்டு ஆண்டுகள். நாள்தோறும் கொள்முதல், விற்பனை பில்களை டேலியில் பதிவு செய்தேன், மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான விவரங்களைத் தயாரித்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நெல் வியாபாரிகளின் நிலுவைப் பட்டியலை எக்செலில் பராமரித்தேன்." 58 விழுக்காடு வைத்திருந்தாலும், கணக்காளர் தேடும் ஒரு நிறுவனம் இவரைக் கூப்பிட்டுப் பேசும். அவர் கூடவே பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பையும் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

பொறியியல் மாணவர்களுக்கு இறுதியாண்டு புராஜெக்ட் இருக்கிறது. தலைப்பை மட்டும் எழுதினால் பயனில்லை; என்ன சிக்கல், எந்தப் பொருள்களைக் கொண்டு செய்தீர்கள், குழுவில் உங்கள் பங்கு எது என்று மூன்று வரிகள் வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறியில் நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் சென்சார் ஒன்றைச் செய்தீர்கள் என்றால், எந்த சென்சார், எந்த மைக்ரோகன்ட்ரோலர், உண்மையான தறியில் பொருத்திப் பார்த்தீர்களா என்பதை எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால் ஒருவரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கே பதில் வராது. அதற்குப் பதில், மாநில அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரியில் முடித்த பயிற்சிகளில், உண்மையிலேயே உட்கார்ந்து கற்ற ஒன்றை எழுதலாம்.

சோஹோ போன்ற நிறுவனங்கள் மார்க்கே பார்ப்பதில்லை என்கிறார்களே?

தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் 2011-இலிருந்து அலுவலகம் நடத்திவரும் மென்பொருள் நிறுவனமான சோஹோ, பட்டத்தையும் மதிப்பெண்ணையும்விடத் திறமைக்கு முதலிடம் கொடுப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனம்தான். அதன் பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்க்காத நிறுவனம் தேர்வு வைக்காத நிறுவனம் அல்ல. ஆளை வேறு வழியில் அளக்க வேண்டியிருப்பதால் அங்கே நிரல் எழுதும் சுற்றுகள் கடுமையாக இருக்கும். அத்தகைய இடத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் மதிப்பெண்ணை விட்டுவிடலாம். செய்த நிரல்களின் இணைப்பை விட்டுவிடக் கூடாது.

இதே பேச்சில் கூகுளையும் இழுப்பார்கள். அந்நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-இல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு அளித்த பேட்டியில், ஆளெடுப்பதற்கு மதிப்பெண் சராசரி பயனற்ற அளவுகோல் என்றார். ஆனால் அவரே, அப்போதுதான் கல்லூரியை விட்டு வெளிவந்தவர்களுக்கு மட்டும் அதில் சிறிதளவு தொடர்பு இருக்கிறது என்றும் சொன்னார். நம் மாணவர்கள் அனுப்பிக்கொள்ளும் ஃபார்வர்டுகளில் முதல் பாதிதான் வருகிறது. அவர்களுக்குப் பொருந்துவது இரண்டாம் பாதி.

அரசு வேலைக்கும் பொதுத்துறை வேலைக்கும் எப்படி?

அங்கே ரெஸ்யூமுக்கு இடமே இல்லை, எல்லாம் படிவம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், குரூப் 1-க்கு ஏதேனும் ஒரு பட்டமும் அடிப்படைத் தகுதி. பட்டத்தில் இத்தனை விழுக்காடு என்ற நிபந்தனை கிடையாது. 52 விழுக்காட்டில் பட்டம் பெற்றவரும் 90 விழுக்காட்டுக்காரரும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதால், மதிப்பெண்ணைவிட அதற்கான சான்றிதழ் அங்கே மதிப்புள்ளது. பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டியிருப்பதால், படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நம் மாவட்டத்திலேயே இருக்கும் இரண்டு பெரிய மத்திய நிறுவனங்களின் கதை வேறு. மகேந்திரகிரியில் உந்துவிசை வளாகத்தை நடத்தும் இஸ்ரோ, பொறியாளர் பணிக்கான தன் அறிவிப்புகளில் முதல் வகுப்புடன் 65 விழுக்காடு அல்லது 10-க்கு 6.84 சி.ஜி.பி.ஏ. என்று கேட்டுவந்திருக்கிறது. 6.6 வைத்திருப்பவர், பத்தால் பெருக்கினால் 66 வருகிறதே என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது; உங்கள் சான்றிதழ் எதைச் சொல்கிறதோ அதைக் கொண்டு அறிவிப்பின் விதியை முழுதாகப் படியுங்கள். கூடங்குளம் நிலையத்தை இயக்கும் இந்திய அணுமின் கழகம், பொறியியல் பட்டதாரிகளை நிர்வாகப் பயிற்சியாளர்களாக எடுக்கும்போது 60 விழுக்காட்டோடு, பொறியியல் பட்டதாரிகளுக்கான அகில இந்தியத் தேர்வான கேட் (GATE) மதிப்பெண்ணையும் பார்க்கிறது. இத்தகைய இடங்களில் மதிப்பெண் கதவின் உயரம் மட்டுமே. உள்ளே போன பிறகு எழுத்துத் தேர்வும் நேர்காணலும்தான் பேசும்.

வளைகுடா அல்லது மேலைநாடுகளுக்கு அனுப்பும் ரெஸ்யூமில்?

வளைகுடா வேலைகளுக்கு மதிப்பெண்ணைவிடப் பட்டச் சான்றிதழும் அதன் சான்றொப்பமும் முக்கியம். ரெஸ்யூமில் வகுப்பை மட்டும் எழுதினால் போதும். அமெரிக்காவில் 4-க்கு 3.0 என்பது வழக்கமான எல்லை. அங்கும் அந்த வழக்கம் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது: கல்லூரிகளும் வேலையளிப்போரும் சேர்ந்த தேசியக் கூட்டமைப்பின் ஆண்டுக் கணக்கெடுப்பில், மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுவதாகச் சொன்ன நிறுவனங்கள் 2019-இல் ஏறத்தாழ 73 விழுக்காடாக இருந்து, 2023-இல் 37 விழுக்காடாகக் குறைந்தன. 10-க்கு இருப்பதை நீங்களாகவே 4-க்கு மாற்றி எழுத வேண்டாம். "8.1/10" என்பதே யாருக்கும் புரியும்; மாற்றம் தேவைப்பட்டால் அதற்கென்று இருக்கும் மதிப்பீட்டு நிறுவனம் செய்யும்.

நேர்காணலில் "ஏன் மார்க் குறைவு?" என்று கேட்டால்?

இரண்டு வாக்கியங்களில் காரணத்தைச் சொல்லி, மூன்றாவது வாக்கியத்தில் அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பொறியியலின் முதலிரண்டு செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலோடு திணறியவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் முதலாண்டில் 5.9, 6.1 என்று தொடங்கி மூன்றாம் ஆண்டில் 7.8 வரை ஏறியிருக்கும். இதை மறைக்க வேண்டியதே இல்லை. ரெஸ்யூமிலேயே "கடைசி நான்கு செமஸ்டர் சராசரி 7.7" என்று மொத்த சி.ஜி.பி.ஏ.வுக்குப் பக்கத்தில் எழுதலாம். மொத்தத்தை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதினால்தான் தவறான எண்ணம் உண்டாகும். பேராசிரியர் சரியில்லை, திருத்தியவர் சரியில்லை என்ற பதில்கள் உண்மையாகவே இருந்தாலும் சொல்லாதீர்கள்.

பாடவாரியாக மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். விண்ணப்பிக்கும் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பாடத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் இருந்தால் மட்டும் அந்த ஒன்றை எழுதலாம்.

எத்தனை ஆண்டுகள் வரை ரெஸ்யூமில் மதிப்பெண்ணை வைத்திருக்கலாம்?

முதல் வேலையில் ஓராண்டு முடிந்ததும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு வரிகளை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் சி.ஜி.பி.ஏ.வும் போகலாம், பட்டம், கல்லூரி, ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ரேங்க்கும் தங்கப் பதக்கமும் மட்டும் எப்போதும் இருக்கலாம். மதிப்பெண் பட்டியல்களின் அசலையும், டிஜிலாக்கரில் கிடைத்தால் அதன் நகலையும் கைவசம் வைத்திருங்கள், ஏனென்றால் ஐந்தாவது ஆண்டில் வேலை மாறும்போதும் சரிபார்ப்புக்கு எல்லா செமஸ்டர் பட்டியல்களையும் கேட்பார்கள்.